பேட்டரித் தொழிலாளியும் ஈய நஞ்சும்: கண்டறிவது முதல் குணமாக்குவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அந்தத் தொழிலாளி என் மேசைமேல் வைத்த துணிப்பையில் நான்கு மருத்துவமனைக் கோப்புகள் இருந்தன. ஒன்றில் வயிற்று ஸ்கேன். இன்னொன்றில் எண்டோஸ்கோப்பி. மூன்றாவதில் குடல்வால் அறுவைச் சிகிச்சை. குடல்வாலை எடுத்த பிறகும் வலி நிற்கவில்லை. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும், மூன்று நாளானாலும் மலம் போகாது, இரவெல்லாம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அவர் மனைவி சொன்னார். நான்கு கோப்புகளிலும் 'தொழில்' என்ற இடத்தில் ஒரே சொல்தான் எழுதியிருந்தது: கூலி.

"என்ன வேலைக்குப் போகிறீர்கள்?"

"பேட்டரி கம்பெனி, சார். பிளேட் அடுக்குகிற இடம்."

"எத்தனை வருடமாக?"

"ஆறு வருடம் ஆகிறது."

கீழுதட்டை இழுத்துப் பார்த்தேன். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் பென்சிலால் இழுத்ததுபோல மெல்லிய கருநீலக் கோடு. இரண்டு நாளில் ஆய்வக முடிவு வந்தது: ரத்தத்தில் ஈயம், ஒரு டெசிலிட்டருக்கு 78 மைக்ரோகிராம்.

கேட்க வேண்டிய கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் அவர் வயிற்றில் அந்தத் தழும்பு விழுந்திருக்காது. ஈய வேலை செய்பவர்கள், அவர்கள் வீட்டார், அவர்களை முதலில் பார்க்கும் பொது மருத்துவர்கள், ஆலை மருத்துவர்கள், பாதுகாப்பு அலுவலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மருந்தளவு வரும் இடங்கள் மருத்துவருக்கு மட்டுமே. கடையில் வாங்கி விழுங்குவதற்கான மருந்து எதுவும் இதில் இல்லை.

தொடங்கும் முன்: எந்த ஈயம்?

நம் பேச்சில் 'ஈயம்' இரண்டு உலோகங்களுக்குப் பொதுப்பெயர். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் ரசம் வைக்கும் சொம்பு செய்வதும் வெள்ளீயம். பேட்டரிக்குள் இருப்பதும் மீன்வலையில் குண்டாகத் தொங்குவதும் காரீயம். நஞ்சு காரீயம்தான், இனி நான் ஈயம் என்று எழுதுவதெல்லாம் அதையே குறிக்கும். "ஈய வேலையா?" என்று கேட்டால் பலர் பாத்திரப் பூச்சை நினைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் "பேட்டரியா, பழைய பேட்டரி உடைப்பதா, உருக்குவதா" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

உலகில் பயன்படும் ஈயத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு பேட்டரிக்குப் போகிறது. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஓர் இரும்புச் சட்டியும் கரியடுப்பும் இருந்தால் கொல்லைப்புறத்தில் உருக்கலாம். சூடு 500 டிகிரியைத் தாண்டத் தாண்டப் புகை பெருகும். அந்தப் புகை குளிர்ந்து கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலின் அடிவரை இறங்கும். பேட்டரி ஆலைத் தொழிலாளர்கள் அமிலத்துக்குப் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஈயத்துக்கு அப்படிப் பயப்படுவதில்லை. காரணம் எளிது. அமிலம் பட்டால் எரியும், சட்டை ஓட்டையாகும். ஈயத் தூளுக்கு எரிச்சலும் இல்லை, மணமும் இல்லை, உடனே இருமல்கூட வராது.

மூச்சு வழியாக நுழையும் ஈயத்தில் 30 முதல் 40 விழுக்காடு ரத்தத்தில் கலக்கிறது. விழுங்குவதில் பெரியவர்களுக்குச் சுமார் 10 விழுக்காடு. சிறு குழந்தைகளுக்குப் பாதி வரை. ரத்தத்துக்கு வந்த ஈயம் பெரும்பாலும் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ளும். புதிதாக ஈயம் சேராமல் இருந்தால் ரத்த அளவு பாதியாகக் குறைய ஒரு மாதத்தை ஒட்டி ஆகும். ஆனால் பெரியவர் உடலிலுள்ள மொத்த ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் எலும்பில் இருக்கிறது. அதில் பாதி வெளியேறவே பத்து, இருபது ஆண்டுகள் பிடிக்கும். இந்த இரண்டு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனையைப் புரிந்துகொள்ளவும் மருந்தின் எல்லையை அறியவும் இவை வேண்டும்.

முதல் படி: வேலையை விவரமாகக் கேளுங்கள்

'பேட்டரி கம்பெனி' என்ற பதிலோடு நிறுத்தக் கூடாது. ஒரே ஆலையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஆபத்து வேறு. ஈய ஆக்சைடு தூள் தயாரிக்கும் இடம், அந்தத் தூளை அமிலத்தோடு பிசைந்து பிளேட்டில் அப்பும் பேஸ்டிங், காய்ந்த பிளேட்டைப் பிரித்து அடுக்கும் மேசை ஆகியவை மிக மோசமான இடங்கள். ஈரப் பேஸ்ட் தூளாகப் பறக்காது. காய்ந்த பிளேட்டை ஒன்றோடொன்று தட்டும்போதுதான் மஞ்சளும் பழுப்புமாகத் தூள் கிளம்பும். வார்ப்புப் பிரிவில் புகை. உருகிய ஈயத்தின்மேல் படரும் கசடை அள்ளும்போது அது அதிகம். சார்ஜ் ஏற்றும் இடத்தில் அமில ஆவிதான் முதன்மைத் தொல்லை. இவை எல்லாவற்றையும்விடக் கொடியது பழைய பேட்டரியைக் கோடரியால் பிளந்து, உள்ளே இருப்பதைத் திறந்த அடுப்பில் உருக்கும் பட்டறை.

பேட்டரிக்கு வெளியேயும் கேளுங்கள். ரேடியேட்டர் பற்றவைப்பவர், பி.வி.சி. குழாய் ஆலையில் ஈயக் கூட்டுத் தூளைக் கொட்டிக் கலப்பவர், பழைய பெயிண்ட் அடித்த இரும்பை கேஸ் வைத்து வெட்டுபவர், வலைக்குண்டு வார்ப்பவர், தொழிற்சாலைகளுக்கான மஞ்சள் பெயிண்ட் செய்பவர். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று 2016-இல் இந்தியாவில் விதி வந்தது. அது வீட்டு, அலங்காரப் பெயிண்டுக்கு மட்டும். தொழிற்சாலைப் பெயிண்டுக்குப் பொருந்தாது.

அடுத்து, நாளை எப்படிக் கழிக்கிறார் என்று கேட்க வேண்டும். சோற்றுத் தூக்கை எங்கே வைக்கிறார், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், பீடி குடிப்பாரா? பீடி பிடிக்கும் விரலில் இருக்கும் தூள் ஒவ்வொரு இழுப்புக்கும் உதட்டுக்குப் போகும். வேலைச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போகிறாரா? முகத்தில் கட்டுவது என்ன: துணியா, தடிமனான முகமூடியா? கடைசியாக ஒன்று: "உங்கள் மேசையில் வேறு யாருக்காவது வயிற்று வலி இருக்கிறதா?" என் நோயாளி இதற்கு உடனே மூன்று பேரைச் சொன்னார். ஒரே காற்றை மூச்சிழுக்கும் இடத்தில் இந்த நோய் ஒருவரோடு நிற்காது.

1910-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஈயத் தொழில்களை ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், ஆலைக்குள் பார்த்ததோடு நிற்காமல் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். தொழிலாளர் வீடுகளுக்கே போய் விசாரித்தார். ஆலை ஏடுகளில் இல்லாத நோயாளிகள் அங்கே இருந்தார்கள். இன்றும் அந்த வழிதான் பலன் தருகிறது.

இரண்டாம் படி: உடல் என்ன சொல்கிறது?

ஈய நஞ்சு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதலில் வருவது சோர்வு, தலைவலி, தூக்கமின்மை, எரிச்சல், மூட்டு வலி, உடலுறவில் நாட்டமின்மை. இவற்றில் எதைச் சொன்னாலும் "வேலைப் பளு" என்றே அனைவரும் சொல்வார்கள். வீட்டார் சொல்வதைக் கவனியுங்கள். "முன்பெல்லாம் இவ்வளவு கோபம் வராது" என்று ஒரு மனைவி சொன்னால் அது மருத்துவத் தகவல்.

அளவு ஏறும்போது வயிறு பேசத் தொடங்கும். மலச்சிக்கல், பசியின்மை, பிறகு அந்த முறுக்கு வலி. வலி கடுமையாக இருக்கும். வயிற்றை அழுத்திப் பார்த்தால் பெரும்பாலும் கல்போல இறுகியிருக்காது, சிலருக்கு அழுத்தினால் இதமாகக்கூட இருக்கும். அறுவைச் சிகிச்சை நிபுணரை ஏமாற்றும் இடம் இதுதான். இதோடு ரத்தசோகை. ஈயம் ஹீமோகுளோபின் தயாரிப்பில் இரண்டு நொதிகளைத் தடுக்கிறது. சிவப்பணுவின் ஆயுளையும் குறைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் தேறாத ஆண் தொழிலாளியின் ரத்தசோகை என்றால் ஈயத்தை நினைக்க வேண்டும்.

நரம்பு பாதித்தால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கும், அதிகம் பயன்படுத்தும் கையில் முதலில். பழைய பாடநூல்களில் பெரிதாகப் படம் போட்டிருக்கும் இந்த அடையாளம் இன்று அரிது. ஈறுக்கோடும் அப்படியே. லண்டன் மருத்துவர் ஹென்றி பர்ட்டன் 1840-இல் விவரித்த அந்தக் கோடு இருந்தால் நல்ல தடயம். பல் சுத்தமாக இருப்பவருக்கு அளவு உயர்ந்தாலும் கோடு தெரியாது. ஆகவே கோடு இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று அனுப்பிவிடாதீர்கள்.

ஓசையில்லாமல் நடக்கும் சேதம் வேறு. ரத்த அழுத்தம் உயரும், சிறுநீரகம் மெல்லச் சுருங்கும், யூரிக் அமிலம் தேங்கி மூட்டு வீங்கும், விந்தணு குறையும், கருவுற்ற பெண்ணுக்குக் கரு கலையலாம். ரத்த அளவு டெசிலிட்டருக்கு 10, 20 மைக்ரோகிராம் என்று இருக்கும்போதே ரத்த அழுத்தத்திலும் சிறுநீரகத்திலும் பாதிப்பு தொடங்கிவிடுகிறது.

உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அறிகுறிகள்: கடும் தலைவலியோடு வாந்தி, குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், வலிப்பு. ஈயம் மூளையைத் தாக்கினால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். ஆய்வக முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது.

மூன்றாம் படி: ரத்தத்தைச் சரியாக எடுங்கள்

சோதிக்க வேண்டியது முழு ரத்தம். ஈயம் சிவப்பணுவுக்குள் இருப்பதால், அணுக்களை நீக்கிய சீரம் என்னும் ரத்த நீரில் பார்த்துப் பயனில்லை. சீட்டில் 'முழு ரத்தத்தில் ஈயம்' என்று தெளிவாக எழுதுங்கள்.

எங்கே எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். ஆலைக்குள்ளேயே முகாம் போட்டு, வேலைச் சட்டையோடு வரிசையில் நிற்பவர்களின் கையில் ஊசி குத்தினால் தோலில் ஒட்டியிருக்கும் தூளும் குழாய்க்குள் போகும். ரத்தத்தில் இல்லாத ஈயம் கணக்கில் வரும். தொழிலாளி குளித்து, மாற்றுடை உடுத்தி வரட்டும். முழங்கை மடிப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு ஸ்பிரிட். விரல் நுனியில் குத்துவதைத் தவிர்த்து சிரை ரத்தக்குழாயில் எடுப்பது நல்லது. அவர் விரலைவிடத் தூள் படிந்த இடம் உடலில் இல்லை. நுண்தனிமச் சோதனைக்கென்று வரும் கருநீல மூடிக் குழாய் சிறந்தது. அது கிடைக்காவிட்டால் ஆய்வகத்திடம் கேட்டு அவர்கள் ஏற்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் எடுங்கள்.

கைக்கருவியில் சில நிமிடங்களில் விடை வரும். களத்தில் பலரைச் சலித்தெடுக்க அது உதவும். ஆனால் வழக்கமாகப் பயன்படும் கருவி 65-க்கு மேல் எண்ணைக் காட்டாமல் 'அதிகம்' என்று மட்டும் சொல்லும். அங்கே 66-ம் ஒன்றுதான், 120-ம் ஒன்றுதான். உயர்ந்த அளவை ஆய்வகத்தில் அணு உறிஞ்சல், ஐ.சி.பி.-எம்.எஸ். போன்ற துல்லியமான அளவீட்டு முறையில் உறுதிசெய்துதான் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டும்.

துணைச் சோதனைகள் சில. ஹீமோகுளோபினும், கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் படலமும். சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். ஹீமோகுளோபின் தயாரிப்பு தடைபடும்போது சிவப்பணுவில் சேரும் ஜிங்க் புரோட்டோபார்ஃபிரின் அளவு ஈயம் ஏறிச் சில வாரங்கள் கழித்துத்தான் உயரும். அதனால் அது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கதையைச் சொல்கிறது. இரும்புச்சத்துக் குறைவிலும் அது உயரும் என்பதை மறக்கக் கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், யூரிக் அமிலம், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பாருங்கள். பெண் தொழிலாளிக்குக் கருச் சோதனை, அவர் சம்மதத்தோடு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஈயத்தை இழுக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரைப் பிடித்து "பாருங்கள், எவ்வளவு ஈயம்!" என்று காட்டும் சோதனை சில இடங்களில் நடக்கிறது. மருந்து கொடுத்தால் நலமாக இருப்பவருக்கும் சிறுநீரில் ஈயம் கூடும். அந்த எண்ணை ஒப்பிட நம்பகமான அளவுகோல் இல்லை.

நான்காம் படி: எண்ணைப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். ஓர் ஆய்வகம் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்று தரும், இன்னொன்று லிட்டருக்கு. 350 என்ற எண்ணைக் கண்டு பதறியவர்களையும் பார்த்திருக்கிறேன், 35 என்று தெரிந்தபின் அலட்சியமாக மூடி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். லிட்டருக்கு மைக்ரோமோல் என்று வந்தால் 20.7-ஆல் பெருக்கினால் டெசிலிட்டர்க் கணக்கு வந்துவிடும். கீழே எல்லாம் டெசிலிட்டர்க் கணக்கில்.

இயல்பான அளவு என்று உடலுக்கு ஒன்று கிடையாது. உடலில் ஈயத்துக்கு எந்த வேலையும் இல்லை. 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. தொழிலிடச் சட்டங்களின் எண்கள் இதைவிட மிக உயரமானவை. அமெரிக்காவின் 1978 விதிப்படி ஒரு முறை 60 வந்தாலோ சராசரி 50 ஆனாலோதான் வேலையிலிருந்து விலக்க வேண்டும். 40-க்குக் கீழ் இறங்கினால் திரும்பலாம். ஐரோப்பிய ஒன்றியம் 70 என்றிருந்த எல்லையை 2024-இல் 15-ஆகக் குறைத்தது, சில ஆண்டுகள் அவகாசத்தோடு. சட்ட எல்லைக்குள் இருக்கிறார் என்பதால் அவர் நலமாக இருக்கிறார் என்று பொருளாகாது. ஆலை மருத்துவர்கள் இதைத் தொழிலாளியிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நான் கடைப்பிடிப்பது அமெரிக்கத் தொழில்மருத்துவ வல்லுநர்கள் 2007-இல் வெளியிட்ட பரிந்துரை. ஒரு முறை 30-ஐத் தாண்டினாலோ, நான்கு வார இடைவெளியில் இரு முறை 20 அல்லது அதற்கு மேல் வந்தாலோ ஈய வேலையிலிருந்து விலக்கு. 10-லிருந்து 19 வரை என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு சோதனையும் வேலையிடத்தில் ஆய்வும். கருவுற்றவர் 5-க்கு மேல் போகக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மூன்று மாதம் மாதாமாதம்.

ஒற்றை எண்ணைவிட எண்களின் போக்கு அதிகம் சொல்லும். 18, 24, 31 என்று ஏறினால் அந்த மேசையில் ஏதோ கெட்டிருக்கிறது. உறிஞ்சு விசிறி நின்றிருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம். விலக்கிய பிறகும் அளவு இறங்கவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கும். பல ஆண்டு எலும்பில் சேர்ந்தது ஊறி வருகிறது, அல்லது வேறு வழியில் ஈயம் இன்னும் உள்ளே போகிறது.

ஐந்தாம் படி: விலக்குவதே முதல் மருந்து

என் நோயாளியின் முதல் கேள்வி: "ஊசி போட்டால் சரியாகிவிடும்தானே, சார்? திங்கட்கிழமை வேலைக்குப் போகலாமா?"

போக முடியாது என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஆறு ஆண்டு அந்த மேசையில் நின்றவர். ஒரு வாரம் வராவிட்டால் அந்த இடத்தில் இன்னொருவர் நிற்பார் என்பது அவருக்குத் தெரியும். மருத்துவர் எழுதும் 'ஓய்வு' என்ற சொல் கூலிக்காரர் வீட்டில் அடுப்பணையும் சொல். இதைப் பேசாமல் சிகிச்சையைத் தொடங்கினால் அவர் பொய் சொல்லிவிட்டு வேலைக்குப் போவார். குற்றம் அவருடையது அல்ல.

எனவே முதல் வாரத்திலேயே சம்பளத்துக்கு வழி தேடுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் நோய்க்காலப் பணப்பயன் உண்டு. அதே ஆலையில் ஈயம் இல்லாத பிரிவுக்கு, சம்பளம் குறையாமல் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 'எளிய வேலை கொடுக்கவும்' என்று எழுதினால் அதே கூடத்தைக் கூட்டிப் பெருக்கச் சொல்வார்கள். அது முன்பைவிட மோசம். 'ஈயத் தூள், புகை இல்லாத தனிக் கட்டடத்தில் பணி' என்று எழுதுங்கள்.

உணவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பல பட்டறைகளில் பாலும் வெல்லமும் வாழைப்பழமும் கொடுத்து "ஈயத்தை இறக்கிவிடும்" என்று நம்பவைக்கிறார்கள். வெறும் வயிறும், இரும்பு, கால்சியக் குறைவும் ஈயம் உறிஞ்சப்படுவதைக் கூட்டும் என்பது உண்மை. அதனால் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவதும், கீரை, கேழ்வரகு, முட்டை, பால் சேர்ப்பதும் நல்லது. ஆனால் மூச்சில் போகும் தூளைப் பால் தடுக்காது. தூள் மேசைக்கு அருகிலேயே அந்தப் பாலைக் குடித்தால் பாலோடு ஈயமும் போகும்.

ஆறாம் படி: ஈயத்தை இழுக்கும் மருந்து, யாருக்கு?

கிலேட்டர் எனப்படும் மருந்துகள் ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். எல்லோருக்கும் இவை தேவையில்லை. மூளை பாதிப்பின் அறிகுறி இருந்தால் உடனே. 100-ஐத் தாண்டினால் அறிகுறி குறைவாக இருந்தாலும் மருந்து தேவை. 70 முதல் 100 வரை பெரும்பாலும் கொடுக்க நினைப்போம். 45 முதல் 70 வரை, அறிகுறி இருப்பவருக்கும் குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கும் தனித்தனியே எடைபோட்டு முடிவு செய்ய வேண்டும். அதற்குக் கீழ் உள்ள பெரியவருக்கு விலக்குவதே போதும்.

வாய்வழி மருந்து சக்சிமர். உடல் எடை கிலோவுக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை ஐந்து நாள். பிறகு இரண்டு வேளை பதினான்கு நாள். மொத்தம் 19 நாள். கந்தக வாடை வரும். கல்லீரல் நொதிகளையும் வெள்ளணுக்களையும் கவனிக்க வேண்டும். ஊசி மருந்து கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ.; மருத்துவமனையில் ஐந்து நாள், சிறுநீரகத்தைக் கண்காணித்தபடி. மூளை பாதித்திருந்தால் முதலில் டைமெர்காப்ரோலைத் தசையில் போட்டு, நான்கு மணி நேரம் கழித்து இ.டி.டி.ஏ. தொடங்க வேண்டும். டைமெர்காப்ரோல் கடலை எண்ணெயில் கலந்து வருவது. வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் போடக் கூடாது. பெனிசில்லமின் எளிதில் கிடைக்கிறது என்பதால் அதை எழுதுபவர்கள் உண்டு. பக்க விளைவுகள் அதிகம். மற்றவை கிடைக்காதபோது மட்டுமே அதை நினைக்கலாம்.

மருந்தகத்தில் குப்பியின் பெயரை இரண்டு பேர் படித்து உறுதிசெய்யுங்கள். கால்சியம் சேர்ந்த இ.டி.டி.ஏ. ஒன்று, கால்சியம் இல்லாத டைசோடியம் இ.டி.டி.ஏ. வேறு. பின்னது ரத்தத்திலுள்ள கால்சியத்தை உருவி இதயத்தை நிறுத்திவிடும். 2003-க்கும் 2005-க்கும் இடையில் அமெரிக்காவில் கிலேட்டர் ஊசிக்குப் பிறகு ரத்தத்தில் கால்சியம் சரிந்து இரண்டு குழந்தைகளும் ஒரு பெண்ணும் இறந்தார்கள். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம்.

மருந்து முடிந்ததும் எண் சரசரவென்று விழும். கொண்டாடாதீர்கள். ஓரிரு வாரத்தில் எலும்பிலிருந்து ஈயம் திரும்ப ரத்தத்துக்கு வரும், எண் மீண்டும் ஏறும். அதனால் மருந்து முடிந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் சோதனை செய்துதான் அடுத்த சுற்றை முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு மிகுந்த கோபம் வரும் வழக்கம் ஒன்று உண்டு. எண் குறைந்ததும் தொழிலாளியை அதே மேசைக்கு அனுப்புவது. இன்னும் மோசமாக, வேலை செய்யும்போதே தடுப்பு மருந்துபோல மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பது. அமெரிக்கச் சட்டம் அதை வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. காரணம் நியாயமானது: சோதனைத் தாள் அழகாக இருக்கும், பட்டறைக் காற்று மாறாது. மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக நுழையும் ஈயம் சிகிச்சையையே வீணாக்கும்.

ஏழாம் படி: வீட்டுக்கும் போங்கள்

அந்தத் தொழிலாளிக்கு நான்கு வயதில் ஒரு மகள். அப்பா வந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். சட்டையில் முகத்தைப் புதைப்பாள். அவள் அளவு 19. அவள் அம்மா தினமும் அந்தச் சட்டையை உதறித்தான் துவைக்கப் போடுவார். மற்றத் துணிகளும் அதே வாளியில்.

மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் இந்தத் தூள் அப்பாவைவிடப் பிள்ளைக்கு அதிகக் கேடு. வீட்டிலுள்ள ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் கருவுற்ற, பாலூட்டும் பெண்களையும் கட்டாயம் சோதியுங்கள். கர்ப்பத்தில் தாயின் எலும்பு கரையும்போது பழைய ஈயமும் வெளியே வரும். வேலைச் சட்டை, செருப்பு, துண்டு எதுவும் வாசலைத் தாண்ட வேண்டாம். தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்கு வரட்டும். தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

வீட்டில் வேறு வழிகளும் இருக்கலாம். காரீயம் கலந்த ஈயச்சொம்பு, காரீய ஆக்சைடான செவ்வீயம் கலந்த குங்குமம், உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் போன்ற மருந்துகள். தொழிலாளி வயிற்று வலிக்கென்றே அப்படி ஒரு மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். திட்டாமல் கேட்டால் சொல்வார்.

வீட்டருகே பேட்டரி உருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு செனகல் நாட்டின் தியாரோய்-சுர்-மேர் சாட்சி. பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரித்த அந்தக் குடியிருப்பில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

எட்டாம் படி: பட்டறையைக் குணப்படுத்துவது

பிரிட்டனின் முதல் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளராக 1898-இல் பொறுப்பேற்ற தாமஸ் லெக் ஒரு விதியை வகுத்தார். முதலாளி செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடிக்கும் வரை, தொழிலாளி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதே அதன் கருத்து. வெள்ளை ஈயப் பெயிண்ட் குறித்த சர்வதேச உடன்படிக்கையை அவர் நாட்டு அரசு ஏற்க மறுத்தபோது 1926-இல் பதவியைத் துறந்தார். நம் பட்டறைகளில் "முகமூடி கொடுத்திருக்கிறோம், போட மாட்டேன் என்கிறார்கள்" என்று கேட்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

தூள் எழும் இடத்திலேயே அதை உறிஞ்சும் விசிறியும் வடிகட்டியும் முதலில் வேண்டும். மேலே சுழலும் மின்விசிறி தூளைக் கூடம் முழுக்கப் பரப்பும். உலர்ந்த துடைப்பத்துக்கும், காற்றழுத்தக் குழாயால் சட்டையை ஊதித் தட்டுவதற்கும் தடை போடுங்கள், ஈரத்தில் துடையுங்கள். உருக்கும் கலனில் சூட்டைத் தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். உணவறை தனிக் கட்டடத்தில். வீட்டு உடைக்கு ஓர் அலமாரி, வேலை உடைக்கு ஓர் அலமாரி, நடுவில் குளியலறை. வேலை உடையை ஆலையே துவைக்க வேண்டும். முகமூடி கடைசியில் வருகிறது. துணியும் அறுவைச் சிகிச்சை முகமூடியும் உதவாது. முகத்தோடு இறுகப் பொருந்தும், வடிகட்டி மாற்றக்கூடிய வகை தேவை.

காற்றை அளக்கச் சொல்லுங்கள். இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டம் வைத்திருந்த எல்லை எட்டு மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 0.15 மில்லிகிராம். அமெரிக்க எல்லை 0.05, ஐரோப்பா 2024-இல் 0.03-ஆக்கியது. நம் எல்லைக்குள் இருக்கும் காற்றிலேயே ரத்த அளவு ஏறத்தான் செய்யும். ஆகவே காற்று அறிக்கையையும் ரத்த அறிக்கையையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள்.

ஒன்பதாம் படி: எழுத்தில் பதியுங்கள்

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலில் நின்றது ஈய நஞ்சுதான். அதைக் கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு. தனியார் மருத்துவருக்கும் இந்தக் கடமை உண்டு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 தொழிற்சட்டத் தொகுப்பிலும் அது அறிவிக்க வேண்டிய நோயே. இ.எஸ்.ஐ. சட்டத்திலும் 1923 ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலும் தொழில்நோய்ப் பட்டியலில் ஈயம் இருந்தது; அவற்றுக்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆகவே இழப்பீடு கேட்க உரிமை உண்டு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஈய நஞ்சுக்கான தேசிய ஆலோசனை மையம் நெடுங்காலமாக இயங்கி வந்திருக்கிறது. சிக்கலான நோயாளிகளுக்கு இப்படிப்பட்ட இடங்களின் ஆலோசனையைக் கேளுங்கள்.

தொழிலாளர்களே, உங்கள் ரத்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தேதி, எண், அலகு மூன்றும் அதில் இருக்க வேண்டும். எந்தப் பிரிவில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வேலை செய்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் போகிறவர்கள் சம்பளச் சீட்டையும் நுழைவு அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். இழப்பீடு கேட்கும் நாளில் "இவர் எங்கள் ஆளே அல்ல" என்ற பதில்தான் முதலில் வரும்.

அவருடைய ஐந்தாவது கோப்பை நான் தொடங்கினேன். 'தொழில்' என்ற இடத்தில் எழுதியது: பேட்டரி உற்பத்தி, உலர் பிளேட் அடுக்கும் பிரிவு, ஆறு ஆண்டுகள், நாளுக்குப் பத்து மணி நேரம், துணி முகமூடி, உறிஞ்சு விசிறி இல்லை. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் ஆய்வாளர் ஆலைக்குப் போனார். அதே மேசையிலிருந்த மற்ற மூவரின் ரத்தமும் அந்த வாரமே ஆய்வகத்துக்கு வந்தது.